மிச்சமான 8: ஒரு தள்ளுபடிக் காலத்தின் கணக்கு

தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். "அண்ணா, கணக்கு எங்கேயோ உதைக்குது. இன்சூரன்ஸ் கட்ட எடுத்து வச்ச பணத்துல பெரிய ஓட்டை. நாங்க ரெண்டு பேரும் பெரிசா ஒண்ணும் செலவு பண்ணலை. நீ கொஞ்சம் வந்து பாரேன்."

நான் வேலை பார்ப்பது கணக்குத் தணிக்கையில். வீட்டுக் கணக்கைத் தணிக்கை செய்ய யாரும் கூப்பிட்டதில்லை, நானும் போனதில்லை. சொந்தக்காரர்களின் செலவைத் தோண்டுவது உறவுக்கு நல்லதல்ல என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் போனேன். மூன்று மாத வங்கி அறிக்கை, கடன் அட்டை பில், ஷாப்பிங் ஆப்பில் இருந்த ஆர்டர் பட்டியல் மூன்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி உட்கார்ந்தோம். அன்று கண்டதை, அவர்கள் இருவரின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். பணத்தொகையைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் ஒதுக்கியிருந்த மொத்தத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். மற்ற எண்கள் எல்லாம் அதை ஒட்டியவை.

போட்ட திட்டம்

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செலவு செய்கிறவர்கள் அல்ல. பழைய வாஷிங் மெஷின் துணி பிழியும்போது அறையைவிட்டு நடந்து போகிற நிலைக்கு வந்து எட்டு மாதம் ஆகியும், பெரிய தள்ளுபடி விற்பனை வரட்டும் என்று காத்திருந்தவர்கள். பட்டியலும் போட்டிருந்தார்கள்: மெஷினுக்கு 70, இரண்டு பையன்களுக்கும் ஷூ 12, படுக்கை விரிப்பு 8, கையிருப்பாக 10. ஒரு காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தது. நான் போனபோதும் அது அங்கேயேதான் இருந்தது.

ஐந்து நாள் விற்பனை முடிந்து, பின்னால் வந்த கட்டணங்களும் சேர்ந்தபோது போனது 169.

இதில் எனக்கு ஆச்சரியம் தந்தது வேறொன்று. பட்டியலில் இருந்த பொருட்களுக்கு மட்டும் ஆனதைக் கூட்டினேன்: 97. ஒதுக்கிய 100-க்கு உள்ளேதான். திட்டம் தோற்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு விற்பனை நடந்திருக்கிறது, அதற்குத் திட்டமே இல்லை.

மெஷினில் கிடைத்தது எவ்வளவு?

மெஷினின் விலையாக ஆப்பில் அடித்துக் காட்டியிருந்தது 104. விற்றது 62-க்கு. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் "40% தள்ளுபடி". ஒதுக்கிய 70-இல் 8 மிச்சம் என்று இருவருக்கும் சந்தோஷம்.

விலை வரலாற்றைக் காட்டும் தளம் ஒன்றில் அதே மாடலைப் போட்டுப் பார்த்தேன். விற்பனைக்கு முந்தைய மூன்று மாதத்தில் பெரும்பாலான நாட்கள் அது 66-க்கும் 68-க்கும் இடையில்தான் இருந்திருக்கிறது. விற்பனைக்கு மூன்று வாரம் முன்பு 78-க்கு ஏறி, விற்பனை அன்று 62-க்கு இறங்கியிருக்கிறது. 104-க்கு அது விற்ற ஒரு நாளையும் அந்தக் கோட்டில் என்னால் பார்க்க முடியவில்லை. ஆக, கிடைத்த உண்மையான குறைப்பு ஏழு, ஏழரை சதவீதம். மோசமில்லை, ஏழு சதவீதமும் பணம்தான். ஆனால் அதற்கும் 40-க்கும் உள்ள தூரத்தில்தான் மீதிக் கதை நடக்கிறது.

அடித்துக் காட்டப்படும் அந்தப் பெரிய எண் சும்மா அலங்காரத்துக்கு இருப்பதல்ல. ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. 0 முதல் 100 வரை எண்கள் கொண்ட சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10-இல் நின்றதைப் பார்த்தவர்களின் இடைநிலை ஊகம் 25. 65-இல் நின்றதைப் பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்படியிருந்தும் கண்ணில் பட்ட எண் பதிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 104-ஐப் பார்த்தபின் 62 மலிவாகத் தெரியாமல் வேறெப்படித் தெரியும்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு ஒரு கடிவாளம் போட்டிருக்கிறார்கள். 2022 மே 28 முதல், விலைக் குறைப்பை அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய குறைந்தது 30 நாட்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். அதை ஒரு மூலையில் சின்னதாகப் போட்டுவிட்டு, சதவீதத்தை மட்டும் உயர்ந்த விலையிலிருந்து கணக்கிட்டார்கள் சிலர். அது செல்லாது, சதவீதமும் அந்த 30 நாள் குறைந்த விலையிலிருந்தே வர வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஒன்றியத்தின் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த விதி இல்லாத இடத்தில் அந்த வேலையை நாமே செய்ய வேண்டியதுதான். விலை வரலாற்றுத் தளத்தில் பார்க்க ஐந்து நிமிடம் போதும். தளத்தில் இல்லாத பொருளா, விற்பனைக்கு ஒரு மாதம் முன்பே கார்ட்டில் போட்டு வைத்து, வாரம் ஒருமுறை விலையைக் குறித்துக்கொள்ளலாம்.

யானையும் அங்குசமும்

அந்த 8 எவ்வளவு நேரம் மிச்சமாக இருந்தது என்று பார்த்தேன். ஏறக்குறைய இரண்டு நிமிடம்.

பணம் கட்டும் பக்கத்துக்குப் போகும் வழியில் இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. கூடுதல் வாரண்டி வேண்டுமா? 7. மெஷினுக்கு ஸ்டாண்டும் உறையும்? 5. இரண்டுக்கும் சரி என்று அழுத்திவிட்டார்கள். 62 போய் 74 ஆனது. ஒதுக்கிய 70-ஐத் தாண்டி 4 கூடுதல். மிச்சம் என்று ஒன்று அந்த நிமிடமே இல்லாமல் போய்விட்டது.

"யானையை வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசுவானா" என்பார்கள். விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் அங்குசத்தை யானைக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள். ட்வெர்ஸ்கியும் கானமனும் 1981-இல் இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். இருபது நிமிடம் வண்டியோட்டிப் போனால் ஒரு கால்குலேட்டர் கொஞ்சம் குறைந்த விலைக்குக் கிடைக்கும், போவீர்களா என்பது கேள்வி. விலை குறைவான கால்குலேட்டர் என்றபோது 68% பேர் போவதாகச் சொன்னார்கள். விலை அதிகமான கால்குலேட்டர் என்றபோது, மிச்சமாகிற தொகை அதேதான் என்றாலும், 29% பேர்தான் சம்மதித்தார்கள். பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் சின்னத் தொகை கண்ணில் படுவதில்லை. ஸ்டாண்டை மட்டும் தனியாக வேறொரு நாளில் பார்த்திருந்தால், 5 கொடுக்க என் தங்கை நாலு கடை ஏறி இறங்கியிருப்பாள்.

வாரண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. தயாரிப்பாளரே சில ஆண்டு கொடுக்கிறார், அது முடிந்தபின்தான் கூடுதல் வாரண்டியின் காலம் தொடங்குகிறது. அதை வாங்கலாமா கூடாதா என்று நான் பொதுவாகச் சொல்ல மாட்டேன். நடுராத்திரி பன்னிரண்டரை மணிக்கு, கவுண்ட்டவுன் ஓடிக்கொண்டிருக்கும்போது முடிவு செய்யக் கூடாது என்பது மட்டும் நிச்சயம்.

அந்த ஓடும் கடிகாரமும் எப்போதும் நிஜமல்ல. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று 2019-இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 11,000 ஷாப்பிங் தளங்களை மென்பொருள் வைத்து அலசினார்கள். வாங்குகிறவரை நெருக்கித் தள்ளும், ஏமாற்றும் வடிவமைப்பு உத்திகள் 1,818 இடங்களில் அகப்பட்டன. சில தளங்களில் நேரம் முடிந்த பிறகும் அதே சலுகை அப்படியே இருந்தது. கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடியது.

நான்கு பேர் செலவழித்த ஒரே பணம்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆர்டர் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேரம் இருக்கும். அதை வரிசையாக ஒரு தாளில் எழுதினேன். பட்டியலில் இல்லாத பொருட்கள் இவை: ஹெட்போன் 14, கையடக்க வாக்குவம் கிளீனர் 19, துணிமணி நான்கு உருப்படி 21, பையன்களுக்கு அடுக்கு விளையாட்டுச் சாமான் 6, தண்ணீர் பாட்டில், போன் உறை, ஒயர், விளக்குச் சரம் என்று சில்லறை 9. மொத்தம் 69.

ஹெட்போன் ஆர்டர் ஆனது மெஷினுக்குச் சரியாக இருபது நிமிடம் கழித்து. "ஏன் மாப்பிள்ளை, இது பட்டியல்ல இல்லையே?" என்று கேட்டேன்.

"இல்லை மச்சான், மெஷின்லதான் 8 மிச்சமாச்சே. அதுல வாங்கினதுதான்."

வாக்குவம் கிளீனர் மறுநாள் மதியம். தங்கையிடம் கேட்டேன். "மெஷின்ல மிச்சமான காசுதான் அண்ணா. அவர் தனக்குன்னு ஒண்ணு வாங்கிட்டாரு, வீட்டுக்குன்னு நானும் ஒண்ணு..." துணிமணி மூன்றாம் நாள், இருவரும் சேர்ந்து. காரணம் அதேதான். கடைசி நாள் சாயங்காலம் பையன்கள் கேட்டபோதும், பாவம், இவ்வளவு மிச்சமாகியிருக்கும்போது இதுகூட வாங்கித்தராவிட்டால் எப்படி என்று அதையும் வாங்கியிருக்கிறார்கள்.

ஒரே 8. அதை நான்கு தடவை செலவழித்திருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் அதைவிடப் பெரிய தொகைக்கு (சாமான் மட்டும்தான் 6). அதுவும் முதல் தடவைக்கு முன்பே வாரண்டியும் ஸ்டாண்டும் தின்றுவிட்ட 8. இதைச் சொன்னபோது மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தங்கை போனை எடுத்து, ஆப்பில் ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். "இந்த விற்பனையில் நீங்கள் சேமித்தது: 118." சுற்றிலும் வண்ணக் காகிதம் பறக்கிற மாதிரி ஒரு படம்.

"இதைப் பார்த்துத்தான் அண்ணா தைரியமா இருந்தோம்."

"சரி, அந்த 118 எந்த பாங்க்ல இருக்கு?"

சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

ரிச்சர்ட் தேலர் என்ற பொருளாதார அறிஞர் (2017-இல் நோபல் பரிசு பெற்றவர்) 1985-இலேயே இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். ஒரு பொருளை வாங்கும்போது நமக்கு இரண்டு வகைத் திருப்தி. ஒன்று, அந்தப் பொருள் நமக்குப் பயன்படுவது. இன்னொன்று, பேரத்தில் ஜெயித்த சந்தோஷம். இரண்டாவது மட்டுமே இருந்தால்கூட வாங்கிவிடுவோம், அப்படி வாங்கியதுதான் பரணில் போய் உட்காரும். தங்கை வீட்டு வாக்குவம் கிளீனர் அந்த வகை. 38 என்று காட்டி 19-க்கு விற்றார்கள். விற்பனை முடிந்து மூன்று வாரம் கழித்து அதே ஆப்பில் 18.

கடைகளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை என்பதற்கு ஒரு கதை உண்டு. ஜேசி பென்னி என்ற அமெரிக்கக் கடைச் சங்கிலி 2012-இல் கூப்பனையும் அடிக்கடி வரும் தள்ளுபடிகளையும் எடுத்துவிட்டு, தினமும் நேர்மையான குறைந்த விலை என்று அறிவித்தது. அந்த ஆண்டு விற்பனை ஏறக்குறைய கால்வாசி சரிந்தது. 2013 ஏப்ரலில் தலைமை நிர்வாகி வெளியேற்றப்பட்டார், தள்ளுபடியும் கூப்பனும் திரும்பி வந்தன. அந்தச் சரிவுக்கு வேறு காரணங்களும் சொல்வார்கள். ஆனால் அடித்து எழுதிய விலையைப் பார்க்கிற சுகத்தை ஜனங்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

சுண்டைக்காய்க் கணக்கு

சில்லறை 9-ஐ விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதில் ஒரு அழகு இருந்தது.

படுக்கை விரிப்பு 8. டெலிவரிக்கு 1. பத்துக்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம். அந்த 1-ஐக் கொடுக்க மனசு வராமல் 3-க்கு ஒரு தண்ணீர் பாட்டில் சேர்த்திருக்கிறார்கள். அதாவது 9-இல் முடிந்திருக்க வேண்டியது 11-இல் முடிந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதைத் தலைகீழாகப் பார்த்தேன்: சுமைகூலியைத் தவிர்க்கச் சுண்டைக்காயை மூட்டையாக வாங்குவது. வீட்டில் ஏற்கெனவே எத்தனை பாட்டில் என்று கேட்டேன். எண்ணிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லவில்லை.

ஹெட்போனிலும் இப்படித்தான். அதன் விலை 16. 20-க்கு மேல் வாங்கினால் 2 குறையும் என்று ஒரு கூப்பன். 4-க்கு ஒரு போன் உறையும் ஒயரும் சேர்த்து 20 ஆக்கி, 18 கட்டியிருக்கிறார் மாப்பிள்ளை. நான் மேலே ஹெட்போன் 14 என்று எழுதியது கூப்பன் கழித்த பிறகு. கூப்பனே இல்லாமல் ஹெட்போனை மட்டும் வாங்கியிருந்தால் 16-ஓடு போயிருக்கும்.

ஷூவில் "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்". பையன்கள் இருவர், ஷூ மூன்று ஜோடி. அந்தச் சலுகை இருந்த பிராண்டு கொஞ்சம் விலை கூடுதல் என்பதால் 12 ஆக வேண்டியது 15 ஆனது. மூன்றாவது ஜோடியை, பெரியவனுக்கு அடுத்த வருடத்துக்கு ஆகட்டும் என்று ஒரு அளவு கூட்டி எடுத்திருக்கிறார்கள்.

பணம் வந்த வழி

ஒதுக்கியதற்கு மேல் போன 69 (மொத்தம் போன 169-இல் 100 கழித்தது) எங்கிருந்து வந்தது? ஹெட்போன், வாக்குவம் கிளீனர் இரண்டும் சேர்ந்த 33, மூன்று மாத "வட்டியில்லாத் தவணை". வட்டி இல்லைதான். செயலாக்கக் கட்டணம் என்று 1 இருந்தது. இரண்டாம் மாதத் தவணை நாளை மறந்ததில் தாமதக் கட்டணம் 2. மீதி 33, இன்சூரன்ஸுக்கு எடுத்து வைத்த பணம். எடுக்கும்போது சம்பளம் வந்ததும் திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறார்கள். அந்தச் சம்பளத்தில்தான் முதல் தவணை போனது.

துணியில் 5-க்கு வாங்கிய ஒன்று அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பணம் வங்கிக்கு வராமல் அந்த ஆப்பின் வாலட்டுக்கு வந்தது. ஆப்பில் இருக்கிற பணம் ஆப்பில்தானே செலவாகும்? ஒரு பவர் பாங்க் ஆனது. எங்கே திருப்ப வேண்டும் என்று ரிட்டர்ன் போடும்போதே கேட்டிருக்கிறார்கள், "உடனடியாக" என்று எழுதியிருந்த வாலட்டை இவள் அழுத்திவிட்டாள். வங்கிக் கணக்கு என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் சில நாள் ஆகும், அவ்வளவுதான்.

அட்டை, தவணை போன்றவை எவ்வளவு தூரம் கையை அவிழ்த்துவிடுகின்றன என்பதற்கு 2001-இல் வெளியான எம்ஐடி ஆய்வு ஒன்று உண்டு. விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டபோது, அட்டையில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம்தான் என்று சொல்லப்பட்டவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள்.

அடுத்த விற்பனை

ஆறு மாதத்தில் அடுத்தது வந்தது. இந்தத் தடவை பெரியவனுக்குப் படிப்பு மேசை, ஒரு மெத்தை. ஒதுக்கியது 60. விற்பனைக்கு ஆறு வாரம் முன்பே இரண்டின் விலையையும் தங்கை குறித்துக்கொண்டு வந்தாள். "இதற்கு மேல் என்றால் வேண்டாம்" என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எண், காகிதத்திலேயே. பிறகு நான் சொன்னது ஒன்றே ஒன்று: ஒரு பொருளில் மிச்சமாகிற பணம் அந்த நிமிடமே சேமிப்புக் கணக்குக்குப் போக வேண்டும். மனசுக்குள் மிச்சம் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. மெத்தையில் 3 மிச்சமானது. மாற்றிவிட்டு எனக்கு அதன் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள், நான் கேட்காமலே.

எல்லாம் பலிக்கவில்லை. மாப்பிள்ளை ஆப்பை நீக்கிவிட்டார், இரண்டாம் நாள் பிரவுசர் வழியாக உள்ளே போய்விட்டார். அறிவிப்புகளை நிறுத்தியதாலும் ஒன்றும் ஆகவில்லை, விற்பனை நடப்பது ஊருக்கே தெரியும். வேலை செய்தவை இரண்டு. சேமித்து வைத்திருந்த அட்டை விவரத்தை ஆப்பிலிருந்து அழித்தது ஒன்று. பதினாறு இலக்கத்தைத் தட்ட எழுந்து பர்ஸைத் தேட வேண்டும், பாதித் தடவை எழுந்திருப்பதில்லை. இன்னொன்று, பிடித்ததைத் தாராளமாகக் கார்ட்டில் போட்டுவிட்டுத் தூங்கப் போவது. ஒன்பது பொருள் போட்டிருந்தார்கள். காலையில் பார்த்தபோது ஆறு எதற்கு என்றே புரியவில்லை, இரண்டை யோசித்துப் பார்த்து வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள், ஒன்றை வாங்கினார்கள்.

ஆளுக்கு 2 கைச்செலவு, என்ன வாங்கினாய் என்று மற்றவர் கேட்கக் கூடாது என்று அவர்களாகவே ஒரு ஏற்பாடும் செய்துகொண்டிருந்தார்கள். தணிக்கைக்காரன் என்ற முறையில் எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் போன தடவை "அவர் தனக்குன்னு ஒண்ணு வாங்கிட்டாரு" என்பதில் தொடங்கியது 19 என்பதால் வாயைத் திறக்கவில்லை.

கடைசிக் கணக்கு 64. நாலு கூடுதல், கைச்செலவு சேர்த்து.

போன வாரம் போயிருந்தபோது அந்த மூன்றாவது ஜோடி ஷூவைப் பற்றிக் கேட்டேன். பெரியவனுக்குப் போட எடுத்தபோது கால் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டதாம். பெட்டி பிரிக்காமல் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. சின்னவனுக்கு ஆகும் என்றாள் தங்கை. அவனுக்கு இப்போது ஏழு வயது.